நீலக் கிளிப்

முப்பத்துநான்கு வருடமாக லிஃப்ட் பழுதுபார்க்கிற மனிதர், வேலை நேரம் போக மற்ற நேரத்தில் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் படியேறித்தான் போவார் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். தெருவில் எல்லோரும் சிரித்து முடித்தாயிற்று. லிஃப்ட்காரர் என்றே அவருக்குப் பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பெயரைச் சொல்லும்போது கூடவே கொஞ்சம் சிரிப்பும் வரும். அவர் அதற்கெல்லாம் கவலைப்படுகிறவர் இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும் கவலைப்படுகிறவர்.

வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நான்காவது தரமும் இழுப்பார். குழாயை மூடிவிட்டு, சொட்டுகிறதா என்று உள்ளங்கையை நீட்டியபடி நிற்பார். இப்படிப்பட்டவர் தன் ஐம்பத்துமூன்றாவது வயதில், மூன்று பேர் கைமாறி வந்த, இருபது வருடப் பழைய கேம்பர் வேன் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். தெருவே வந்து வேடிக்கை பார்த்தது.

அவரைக் கேட்டால் அதிலும் நியாயம் இருந்தது. மகளுக்குக் கல்யாணமாகி அவள் வேற்றூர் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. எங்காவது போய்வரலாம் என்றால், விடுதி அறையில் அவருக்குப் பொட்டுத் தூக்கம் வராது. அந்தக் கதவின் தாழை யார் பொருத்தியது, அந்த மின்விசிறியின் கொக்கியை யார் முடுக்கியது, ஒன்றும் தெரியாது. சொந்த வேன் என்றால் ஒவ்வொரு திருகாணியும் தன் கையால் முடுக்கியது. பயந்தாங்கொள்ளிக்கு ஏற்றது பழைய வண்டிதான், புதியதில் எது எங்கே இருக்கிறதென்றே தெரியாது என்பது அவர் கட்சி.

சின்ன வேன் அது. உள்ளே ஒரு மடக்குப் படுக்கை, இரட்டை அடுப்பு, அடுப்புக்குக் கீழே சிலிண்டர் அலமாரி, கைகழுவ ஒரு தொட்டி. நிமிர்ந்து நிற்க வேண்டுமானால் கூரையை உயர்த்த வேண்டும். கூரையின் முன்பக்கம் மேலே எழும்பும், சுற்றிலும் கித்தான் சுவர் விரியும். இறக்கிய பிறகு இரண்டு கொக்கிகளை மாட்டி இறுக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் வண்டிக்கு ஊர்சுத்தி என்று பெயர் வைத்தார்கள். ஊர்சுத்தி மாதம் ஒரு தடவைக்கு மேல் எந்த ஊரையும் சுற்றியதில்லை. மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலிலேயே நிற்கும், அதன் அடியிலிருந்து லிஃப்ட்காரரின் இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும்.

பழைய வண்டி வைத்திருப்பவனுக்கு மழை ஒரு தலைவலி. மழை விட்ட உடனே டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போய், ஜன்னல் ரப்பரைச் சுற்றியுள்ள பலகையை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வருவார். டக் என்று கேட்டால் பலகை நன்றாக இருக்கிறது. பொத்தென்று கேட்டால் உள்ளே ஊறிவிட்டது. ஒருமுறை படுக்கைக்குப் பின்னால் பொத்தென்று கேட்டது, அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. படிக்குக் கீழே துரு பிடித்த இடத்தைச் சுரண்டிச் சுரண்டி, சிவப்பு பிரைமர் அடித்து, அது காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்துத் தொட்டுப் பார்த்தே அதைக் கெடுத்து, மறுபடி அடிப்பார். டார்ச் பிடிப்பது அவர் மனைவி. கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை அவளுக்கு. நாளெல்லாம் மற்றவர்கள் கண்ணுக்கு வெளிச்சம் காட்டிவிட்டு வந்து வீட்டில் இவருக்கும் காட்டுவாள்.

பயணத்திலும் அவள் ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. கைப்பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, நேராகச் சாலையைப் பார்த்தபடி வருவாள். ராத்திரி வேனில் படுக்கும்போது செருப்பைக் கழற்ற மாட்டாள். கால் குளிரும் போலிருக்கிறது என்று அவர் நினைத்து ஒரு ஜோடி காலுறை வாங்கிக் கொடுத்தார். அவள் காலுறையும் போட்டாள், அதன்மேல் செருப்பும் போட்டாள்.

இனி கிளிப் விஷயத்துக்கு வருவோம்.

லிஃப்ட் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. லிஃப்டுக்கு அடியிலுள்ள குழிக்குள் இறங்குகிறவர் முதலில் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட வேண்டும். மாட்டியவர்தான் எடுக்க வேண்டும். கட்டடமே இருட்டில் கிடந்தாலும், முதலாளியே வந்து நின்று கத்தினாலும், அந்த அட்டையில் வேறு கை படக்கூடாது. ஒருமுறை, உடன் வேலை செய்தவர் ஒருவர், ஆள் மேலே வந்திருப்பார் என்று நினைத்து, இவருடைய அட்டையை எடுத்துவிட்டு சுவிட்சைப் போட்டுவிட்டார். இவர் குழிக்குள் குந்தியிருந்தார். லிஃப்ட் ஒரு மாடி இறங்கி, நல்லகாலம், அதோடு நின்றது. அதன்பிறகு அந்த மனிதரிடம் இவர் பதினொரு வருடம் பேசவில்லை. ஒரே பட்டறையில், ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு, பதினொரு வருடம். அந்த மனிதர் ஓய்வு பெற்ற அன்றைக்குத்தான், போய்வாங்க என்று இவர் ஒரு வார்த்தை சொன்னார்.

இந்த வழக்கத்தை அவர் அப்படியே வேனுக்குக் கொண்டுவந்தார். துணி காயப்போடுகிற மரக் கிளிப்புகள் நான்கை எடுத்து வண்ணம் அடித்தார். சிவப்பு சிலிண்டருக்கு, நீலம் கூரைக்கு, பச்சை பக்கக் கதவின் படிக்கு, வெள்ளை வெளியிலிருந்து கரண்ட் இழுக்கிற வயருக்கு. எதைத் திறந்தாலும் அதன் கிளிப் ஸ்டியரிங்கில் ஏறும். அதை மூடிய பிறகுதான் கிளிப் இறங்கி, முன்கண்ணாடிக்குக் கீழே கட்டிய கயிற்றுக்குப் போகும். ஸ்டியரிங்கில் ஒரே ஒரு கிளிப் இருந்தாலும் சாவியைத் தொடமாட்டார். ஆறு வருடம் இது பிசகவில்லை. கயிற்றில் நான்கும் இருக்கிறதா என்று எண்ணுகிற வழக்கம் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. லிஃப்டில் யாரும் கழற்றிய அட்டைகளை எண்ணுவதில்லை, சுவிட்சை மட்டும்தான் பார்ப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஏரிக்கரையிலிருந்து கிளம்பினார்கள். காற்று எழும்பியதால் கூரையை இறக்கினார். கித்தான் ஈரமாக இருந்தது, இன்னும் கொஞ்சம் காற்றாடட்டும் என்று கொக்கிகளை மட்டும் மாட்டாமல் விட்டார். அழுக்குத் தண்ணீரைத் திறந்துவிடக் கீழே இறங்கினார். மனைவி உள்ளே பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். வந்து கைகழுவிவிட்டு உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைப் பார்த்தார். ஒரு கிளிப்பும் இல்லை. சாவியைத் திருப்பினார்.

நெடுஞ்சாலையில் வேகம் பிடித்த பிறகு, முதலில் ஒரு சீழ்க்கை கேட்டது. ஜன்னல் ரப்பரோ என்று நினைத்தார். அப்புறம் தலைக்குமேல் ஏதோ பிய்த்துக்கொண்டு கிளம்பியது போல் ஒரு சத்தம். கூரை முழுசாக எழும்பி நின்றுவிட்டது. கித்தான் கிழிந்து படபடவென்று அடிக்க, வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. அவர் ஓரம் கட்டுவதற்குள் பின்னால் இரண்டு சக்கர வண்டியில் வந்த ஒரு குடும்பம் வளைந்து, தடுமாறி, மண்ணில் இறங்கி நின்றது. விழவில்லை. வண்டி ஓட்டிய மனிதர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். பின்னால் குழந்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த பெண் இவரைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

"நான் கொக்கி போடலை" என்றார் மனைவியிடம்.

"பரவாயில்லைங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகலை" என்றாள் அவள். அவள் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது, வண்டி நின்று வெகுநேரமான பிறகும்.

கூரையைக் கயிறு போட்டுக் கட்டி, மெல்ல மெல்ல ஊர்ந்து வீடு சேர்ந்தார்கள். கயிற்றில் மூன்று கிளிப்புகள் இருந்தன. நீலத்தைக் காணோம். கலவரத்தில் எங்கோ விழுந்திருக்கும் என்று விட்டுவிட்டார். அவருக்கு வேண்டியது கிளிப் அல்லவே. கூரையை உயர்த்தியபோது அதை மாட்டினோமா? மாட்டியதாகத்தான் ஞாபகம். நீலக் கிளிப்பின் சொரசொரப்பு விரலில் இருக்கிறது. ஆனால் அது அன்றைக்கு மாட்டியதா, போன மாதம் மாட்டியதா? மாட்டியிருந்தால் கொக்கி போடாமல் அதை எடுத்தது யார் கை? வேனில் இருந்தது இரண்டு பேர். அவளுக்கு இந்த வழக்கம் நன்றாகத் தெரியும். அப்படியென்றால் தன் கைதான். தன் அட்டையைத் தானே எடுத்துவிட்டு, எடுத்ததே தெரியாமல் சுவிட்சைப் போட்டிருக்கிறோம்.

இந்த இடத்துக்கு வந்ததும் அவர் மேற்கொண்டு யோசிக்கவே பயந்தார். காரணம் அவருடைய அப்பா.

அப்பா தையல்காரர். அறுபது வயதில் ஒருநாள் ஒரே சட்டைக்கு இரண்டு இடது கைகளை வெட்டித் தைத்து வைத்தார். கடையில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். அதற்கு மூன்று வருடம் கழித்து, சாப்பாடு எடுத்துக்கொண்டு போன மகனைப் பார்த்து, "அளவு குடுக்க வந்தீங்களா சார்?" என்று மரியாதையாகக் கேட்டார். லிஃப்ட்காரருக்கு இப்போது ஐம்பத்தொன்பது.

அடுத்த நாளிலிருந்து அவர் தன்னைத்தானே சோதிக்கத் தொடங்கினார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே பல் தேய்த்தார். தான் பார்த்துக்கொள்கிற நாற்பத்தொரு கட்டடங்களின் பெயரை வரிசையாகச் சொல்லிக்கொண்டே நடந்தார். முப்பத்தெட்டில் நின்றுபோனால் அந்த இடத்திலேயே நடையை நிறுத்திவிடுவார், பின்னால் வருகிறவர் மோதிக்கொள்வார். உள்ளங்கையில் பேனாவால் எழுத ஆரம்பித்தார்: சாவி, குடை, கேஸ் மூடியாச்சு. சாப்பிடக் கைகழுவினால் எழுத்து போய்விடும், போனதும் திகில் பிடித்துக்கொள்ளும். மனைவி எதிரில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரிடம் போகவில்லை. போனால் சொல்லிவிடுவாரே.

பட்டறையில் அவருக்கு ஜோடியாக வேலை செய்கிறவரை நெட்டை என்று கூப்பிடுவார்கள். ஐம்பதைத் தாண்டிய மனிதர், வாயைத் திறந்தால் கேலிதான். அவரே அந்த வாரம் கேலி பேசவில்லை.

"அண்ணே, மெயின் அணைச்சாச்சுன்னு சொன்னீங்க. இதோட மூணு தடவை மேல போய்ப் பாத்துட்டு வந்துட்டீங்க."

"நீயும் ஒரு தடவை பாத்துட்டு வா."

"உங்க அட்டை தொங்குதுண்ணே."

"நான்தான் மாட்டினேனான்னு பாரு."

நெட்டை நான்கு மாடி ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அன்று மாலை லிஃப்ட்காரர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். உடம்பு முன்போல் இல்லை, ஓய்வு பெற இருக்கும் ஒரு வருடத்துக்குத் தன்னைச் சாமான் அறைக்கு மாற்றிவிட வேண்டும். ஞாபகம் என்ற வார்த்தையை எழுதி, அடித்து, உடம்பு என்று மாற்றினார். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அது இருக்கிறதா என்று நாளுக்கு இருபது தடவை தொட்டுப் பார்த்தார்.

வண்டியை விற்றுவிடலாம் என்று மனைவியிடம் சொன்னது அந்த வாரக் கடைசியில்.

"சரிங்க" என்றாள். அவ்வளவு சுருக்காக அவள் சரி சொல்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஏன் என்றாவது கேட்பாள், தேற்றுவாள், உங்களுக்கு ஒன்றுமில்லை என்று சொல்வாள் என்று நினைத்திருந்தார். அவளும் கண்டுபிடித்துவிட்டாள், அதனால்தான் கேட்கவில்லை என்று முடிவுகட்டிக்கொண்டார்.

ஆனாலும் அவள் ஏதோ சொல்ல வந்து வந்து நின்றாள். ஒருநாள் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். உள்ளங்கையில் பேனா எழுத்து இருந்தது.

"டீ ஆறுது, குடிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வாங்க ஆள் கிடைத்தார், ஒரு ஜூஸ் கடைக்காரர். படுக்கையைப் பிடுங்கிவிட்டு மிக்சியும் ஐஸ் பெட்டியும் வைத்துக் கல்லூரி வாசலில் நிறுத்தப்போவதாகச் சொன்னார். சனிக்கிழமை காலை வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. விற்கிற வண்டிதானே என்று விட லிஃப்ட்காரருக்கு மனம் வரவில்லை. தினமும் வேலை முடிந்து வந்து, வளைந்த ஊசியும் தடித்த நூலுமாக உட்கார்ந்து கிழிந்த கித்தானைத் தைத்தார். தையல்காரர் மகன் என்பது அந்தத் தையலில் தெரிந்தது. அப்படித் தெரிந்ததுகூட அந்தச் சமயத்தில் அவருக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை வேனைக் காலிசெய்தார். மெத்தை, தட்டுகள், மகள் வாங்கிக் கொடுத்த சின்னக் கடிகாரம், எல்லாம் இறங்கின. கடைசியாக அடுப்புக்கு மேலே இருந்த அலமாரி. டீத்தூள் டப்பாவை நகர்த்தினால் பின்னால் ஒரு சர்க்கரை பாக்கெட். அதன் வாய் இரண்டு மடிப்பாக மடிக்கப்பட்டு, வலது ஓரம் முக்கோணமாக உள்ளே செருகப்பட்டிருந்தது. மடிப்பின்மேல் நீலக் கிளிப்.

அவர் அதைப் பார்த்தபடியே படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த மடிப்பு யாருடையது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. முப்பது வருடமாக வீட்டில் உப்பு, பருப்பு, மாத்திரை உறை என்று எல்லாம் அந்த முக்கோணச் செருகலோடுதான் இருக்கும். இவர் மடித்தால் சுருட்டித் திணிப்பதோடு சரி.

முதலில் வந்தது சந்தோஷம், வெட்கங்கெட்ட சந்தோஷம். அப்பாவுக்கு வந்தது தனக்கு வரவில்லை, தலையில் கோளாறு இல்லை, ஒன்றும் இல்லை. கிளிப்பை மாட்டியிருந்தோம், சரியாகத்தான் மாட்டியிருந்தோம். நாற்பத்தொரு கட்டடத்தையும் கடகடவென்று ஒரு மூச்சில் சொல்லிப் பார்த்தார், நாற்பத்தொன்றும் வந்தது. சட்டைப் பையிலிருந்த கடிதத்தைத் தொட்டுச் சிரித்துக்கொண்டார். அப்புறம்தான் அவளை நினைத்தார். சொன்னால் என்ன ஆகும்? தான் எடுத்ததே ஞாபகமில்லை என்று அவள் தெரிந்துகொள்வாள். இன்றைக்கு ராத்திரியிலிருந்து அவளும் நூறிலிருந்து ஏழைக் கழிப்பாள், லென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு இது யாருடையது என்று திகைப்பாள். இந்த இரண்டு வாரம் தான் பட்டதை எதிரிக்குக்கூட அவர் கொடுக்க மாட்டார்.

பாக்கெட்டுக்கு ஒரு ரப்பர் பேண்டைப் போட்டார். கிளிப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். அவள் கழுவிய தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தாம்மா, கிளிப் கிடைச்சுடுச்சு. சீட்டுக்கு அடியில விழுந்து கிடந்திருக்கு."

அவள் கிளிப்பைப் பார்த்தாள். "சீட்டுக்கு அடியிலயா?"

"ஆமா. உன் சீட்டுதான். ஓரமா, அந்தக் கம்பிக்கும் விரிப்புக்கும் நடுவுல." பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் இப்படித்தான், கேட்காத விலாசத்தையெல்லாம் சேர்த்துச் சொல்வார்கள்.

அவள் துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள். பிறகு கீழே வைத்தாள்.

"சர்க்கரை பாக்கெட்ல இருந்துச்சுங்க."

அவர் கிளிப்பை விரலால் அழுத்தித் திறந்து மூடினார்.

"எறும்பு ஏறிக்கிட்டிருந்துச்சு. ஸ்டியரிங்ல இருந்தது கைக்குக் கிடைச்சது, எடுத்துப் போட்டேன். வேற ஏதாவது கிடைச்சதும் மாத்திக்கலாம்னுதான். அதுக்குள்ள நீங்க வந்து வண்டியை எடுத்துட்டீங்க. எனக்கு அப்ப சுத்தமா ஞாபகம் இல்லை."

"அதனாலதான் நான் சொல்லலை" என்றார் அவர் அவசரமாக. "கை தானா செஞ்சது. எல்லாருக்கும் நடக்கறதுதான். நீ ஒண்ணும் மனசுல போட்டுக்காதே."

"எனக்குப் புதன்கிழமையே ஞாபகம் வந்துடுச்சு."

"எந்தப் புதன்?"

"அந்த ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த புதன். ரொட்டி பாக்கெட்டை மடிச்சுக்கிட்டிருந்தேன். சட்டுன்னு வந்துச்சு."

அவர் மனசுக்குள் எண்ணினார், இப்போது எண்ணுவது நன்றாகவே வந்தது. ஒன்பது நாள்.

"நான் கையில எழுதிக்கிட்டுத் திரிஞ்சேனே."

"பாத்தேன்."

"எங்கப்பா மாதிரி ஆயிடுவேனோன்னு..."

"தெரியும். தினமும் சொல்லிடணும்னுதான் எழுந்திருப்பேன். சொன்னா வண்டி இருக்கும். வண்டி இருந்தா மறுபடி அதுல ஏறணும்." அவள் துடைக்கிற துணியை மடித்தாள். "ஆறு வருஷமா அதுல ஏறினாலே எனக்குப் பயமா இருக்குதுங்க. பின்னால லாரி வந்தா மூச்சு விட மாட்டேன். சமைக்கறப்ப சிலிண்டரையே பாத்துக்கிட்டிருப்பேன். செருப்போட படுக்கறேனே, ஏன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?"

"கால் குளிருதுன்னு நினைச்சேன்."

"ஓடணும்னா ஓடறதுக்கு."

சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதை மூடக்கூடப் போகவில்லை.

"அந்த மனுஷன்கிட்ட பதினோரு வருஷம் பேசாம இருந்தீங்க" என்றாள். "என்கிட்ட எத்தனை வருஷம்?"

அவர் வெளியே போய் வேனுக்குப் பக்கத்தில் நின்றார். கோபம் இப்போதுதான் வந்து சேர்ந்தது, வந்தது நன்றாகவே வந்தது. அட்டையை எடுத்தது ஒரு தப்பு. எடுத்தது தெரிந்த பிறகும் ஆளைக் குழிக்குள்ளேயே விட்டுவைத்தது அதைவிடப் பெரிய தப்பு. ஒரு வார்த்தை மேலேயிருந்து கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் ஏறி வந்திருப்பாரே. பட்டறையில் ஒருவன் இப்படிச் செய்திருந்தால் அவன் முகத்தில் விழித்திருக்க மாட்டார். வேனின் பக்கவாட்டில் கையால் ஓங்கித் தட்டினார். டக் என்று கேட்டது. இத்தனை கோபத்திலும், பலகை நன்றாக இருக்கிறது என்று மனசு ஒரு ஓரத்தில் குறித்துக்கொண்டது.

அப்படியே சுற்றிக்கொண்டு வந்தவர் அவள் உட்காருகிற சீட்டுக்கு எதிரே நின்றார். அந்தப் பக்கத் தரைவிரிப்பில் வலது குதிகால் பதிகிற இடம் மட்டும் தேய்ந்து, நூல் தெரிந்தது. அங்கே பிரேக் கிடையாது. ஆறு வருடமாக இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து விரிப்பைத் தேய்த்திருக்கிறாள். விரிப்பை எத்தனை தடவை எடுத்து உதறியிருக்கிறார், அந்த ஓட்டையைப் பார்த்துத் தரம் மட்டமான விரிப்பு என்று திட்டவும் திட்டியிருக்கிறார். மடியில் பை, காலில் செருப்பு, தேய்ந்த விரிப்பு. அவளும் ஒவ்வொரு பயணத்திலும் அட்டையை மாட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். உலகத்தில் எல்லாவற்றுக்கும் பயப்படுகிற மனிதர், பக்கத்துச் சீட்டில் இருந்த பயத்தை மட்டும் பார்க்காமல் சுவிட்சைப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அவருக்கு அவமானமாக இருந்தது. கோபமும் போகவில்லை. இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

அன்றைக்கு அவர் அவளிடம் பேசவில்லை. மறுநாள் காலை ஜூஸ் கடைக்காரர் வந்து மணியை அடித்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"குடுத்துடட்டுமா?"

அவள் கதவருகில் நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"நீங்க கித்தானை எவ்வளவு அழகா தைச்சிருக்கீங்க" என்றாள். "குடுக்க வேணாம். ஆனா நான் வேணாம்னு சொன்னா வண்டி நிக்கணும். ஏன் எதுக்குன்னு கேக்கக்கூடாது."

ஜூஸ் கடைக்காரர் இரண்டு வார்த்தை முணுமுணுத்துவிட்டுப் போனார், அவர் முணுமுணுத்ததிலும் நியாயம் இருந்தது. லிஃப்ட்காரர் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்தார். கிழிக்கப் போனவர், எதற்கும் இருக்கட்டும் என்று மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்தார். பிறகு புதுக் கிளிப் ஒன்றை எடுத்து மஞ்சள் வண்ணம் அடித்தார். காய்ந்ததா என்று ஒரே ஒரு தடவைதான் தொட்டுப் பார்த்தார்.

"இது உன்னோடது" என்று அவள் கையில் கொடுத்தார். "நீ மாட்டினா நீதான் எடுக்கணும். நான் தொடமாட்டேன்."

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்கரைக்கே போகலாம் என்று கிளம்பினார்கள். சாப்பாடு கட்டியாயிற்று, கொக்கிகள் இறுக்கியாயிற்று. கயிற்றில் நான்கு கிளிப்புகளையும் எண்ணிவிட்டு அவர் உட்கார்ந்தார். ஸ்டியரிங்கில் மஞ்சள் கிளிப் இருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் பையோடு, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் சாவியைப் போட்டார், திருப்பவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பத்து நிமிடம் போயிற்று, அரை மணி நேரம் போயிற்று. எதிர்வீட்டு வாத்தியார் செடிக்குத் தண்ணீர் ஊற்றி முடித்து, இவர்களைப் பார்த்து, உள்ளே போய், மறுபடி வந்து பார்த்தார். லிஃப்ட்காரருக்கு ஏன், எதற்கு என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டார். அவள் ஒரு தடவை கிளிப் வரை கையை நீட்டி, திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு முடியலைங்க."

"சரிம்மா."

கட்டிய சாப்பாட்டை வாசலிலேயே, வேனுக்குள் உட்கார்ந்தே பிரித்தார்கள். கூரையை உயர்த்திக்கொள்ளலாமா என்று அவர் கேட்டார், அவள் தலையாட்டினாள். நீலக் கிளிப் எழுந்து போய் மஞ்சளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. சாப்பிட்டு முடித்ததும் அவள் படுக்கையில் சாய்ந்தாள்.

வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை, வேலி ஓரமாக வந்துவிட்டார். "என்ன லிஃப்ட்காரரே, ஊர்சுத்தி கிளம்பலையா?"

"போயிட்டு வந்துட்டோம் சார்" என்றார் லிஃப்ட்காரர், குரலைத் தாழ்த்தி. அவள் தூங்கியிருந்தாள். செருப்பு இரண்டும் கீழே, படிக்குப் பக்கத்தில் கிடந்தன.